ஹோல்டில் கேட்ட குரல்கள்

தேனக்காவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் முகம் தெரியாத ஒரு வாடிக்கையாளர். துணி துவைக்கும் இயந்திரம் நடுவீட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டது என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தவர், பத்து நிமிடம் இவள் பேசியதும், "உங்க குரல் தேன் மாதிரி இருக்கும்மா, சரி, நாளைக்கே ஆளை அனுப்புங்க" என்று சாந்தமாகிப் போனை வைத்தார். அதை மதியச் சாப்பாட்டின்போது இவளே பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பதினான்கு வருடமாகியும் உதிரவில்லை.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் புகார் மையம் அது. மூன்றாம் மாடி. திறக்க முடியாத சன்னல்கள், சாம்பல் நிறக் கம்பளம், நான்கு வரிசையில் நாற்பத்திரண்டு நாற்காலிகள். ஒரு அழைப்பு முடிந்த மூன்றாவது விநாடி அடுத்த அழைப்பு தானாகவே காதுக்குள் வந்து விழும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கழிவறைக் கதவுக்குக்கூட அட்டையைத் தேய்க்க வேண்டும். யார் போனார், எத்தனை நிமிடம் இருந்தார் என்பதெல்லாம் எங்கோ ஒரு இயந்திரத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த அறையில் இருபத்திரண்டு பேருக்குத் தேனக்காதான் டீம் லீடர். கூட்டம் நெரியும் நாட்களில் அவளும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அழைப்பு எடுப்பாள்.

வீட்டில் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், நாளெல்லாம் குழிக்குள் தனியாக நின்று பழகியதால் அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கிறாள். அப்பா பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அலுவலகத்திலிருந்து வரும்போது தேனக்காவிடம் தேன் தீர்ந்திருக்கும். மகள் ஏதாவது கேட்டால் சில நாள் வாய் தவறி, "காத்திருந்தமைக்கு நன்றி" என்று ஆரம்பிப்பாள். "பரவாயில்ல, வேற ஆள்கிட்ட லைனைக் குடுங்க" என்பாள் மகள். கணவர் சிரிப்பார். இதைத் தாண்டி அலுவலகம் தன்னோடு வீட்டுக்குள் வந்ததில்லை என்றுதான் தேனக்கா நம்பிக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் 'நாற்பது விநாடி' என்பாள். டீம் லீடரான முதல் வருடம், வரிசையில் ஒரு பெண் வாடிக்கையாளர் ஒருவரிடம் காது கூசும் வசவு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேனக்கா எட்டி, அந்தப் பெண்ணின் ஹோல்டு பொத்தானைத் தானே அழுத்தினாள். வாடிக்கையாளர் காதில் பாட்டு ஓட ஆரம்பித்தது. பாட்டு ஒரு சுற்று முடிய நாற்பது விநாடி. அதுவரைக்கும் நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், சும்மா இரு என்றாள். அன்றிலிருந்து அது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. யார் முகமாவது சரியில்லை என்றால், "நாப்பது எடுத்துக்கோ" என்று அடுத்த நாற்காலியிலிருந்து கிசுகிசுப்பு வரும். 'விவரம் பார்த்துச் சொல்கிறேன்' என்று ஹோல்டில் போட்டுவிட்டு, எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் நட்டமில்லை. மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கண்டுகொள்ளவில்லை.

இது போக, தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு சுற்று வருவாள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கை வைத்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்பாள். நல்லா இருக்கேன் அக்கா என்பார்கள். இருபத்திரண்டு பதில்களையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவளுக்கு மனசு நிறைந்துபோகும். இந்தக் காலத்தில் எந்த லீடர் இப்படிக் கேட்கிறார் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வதும் உண்டு. மனுஷிதானே.

ஆறு மாதத்துக்கு முன் புது மேலாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எந்தக் கூட்டத்தையும் மூன்று ஆழ்ந்த மூச்சோடுதான் தொடங்குவார், மற்றவர்களையும் இழுக்க வைப்பார்; முதல் வாரமே 'மூச்சு சார்' ஆகிவிட்டார். ஆளைக் குறை சொல்ல முடியாது. சன்னலோரம் செடித்தொட்டிகள் வைத்தார். ஓய்வு அறை என்று ஒன்றைத் திறந்து, அதில் பொதபொதவென்று நாலு மெத்தை மூட்டைகள் போட்டார். அதில் போய் உட்கார இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அந்த நேரத்தில் அழைப்பு இருக்கக் கூடாது. அழைப்பு இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது என்பதால், மூட்டைகள் வாங்கிவந்த கவர்கூடப் பிரியாமல் கிடந்தன.

அந்தப் புதன்கிழமை காலை மூச்சு சார் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். தலைமை அலுவலகம் ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறதாம். அழைப்புகளின் நடுவே வேலை நடக்காத விநாடிகளை அது கண்டுபிடித்துவிடுமாம். கடந்த நாலு மாதத்தில் அவள் டீமிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. எல்லாம் ஹோல்டில் போட்ட நேரம். ஒவ்வொன்றையும் கேட்டு, 'வேலை' அல்லது 'வீண்' என்று அவள் குறிக்க வேண்டும். வீண் பத்துக்கு மேல் போனவர்களின் பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் போதும், மிச்சத்தைத் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அவர்கள் பார்த்துக்கொள்ளும் லட்சணம் தேனக்காவுக்குத் தெரியும். போன வருடம் இரண்டாம் மாடியில் ஏழு பேரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஏழு நாற்காலியும் இன்றைக்கும் காலி.

ஆனால் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது அதனால் அல்ல.

"ஹோல்டுல போட்டா பதிவாகாதே சார்?"

"கஸ்டமருக்குத்தான் பாட்டு கேக்கும். நம்ம மைக் ஓடிட்டேதான் இருக்கும். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்" என்றார் மூச்சு சார்.

இத்தனை வருடமாக நிழல் என்று நினைத்து அவள் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் நட்டநடு வெயில். யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்கப்போவதும் அவளே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் வெட்டியவன்தானே முதலில் பார்த்தாக வேண்டும்.

பதிவுகளில் பெயர் இல்லை, இருக்கை எண் மட்டும்தான். பெருமூச்சும் கொட்டாவியும் இருக்கும், நாலு பேர் தன்னைத் திட்டியும் இருப்பார்கள், தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அந்தக் கண்ணாடி அறையிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தாள். முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் போனது. தண்ணீர் குடிக்கிற சத்தம். ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று அவசரமாகக் கேட்கிறார். ஒருத்தி ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணுகிறாள். எல்லாவற்றையும் 'வேலை' என்று குறித்துக்கொண்டே போனாள். வெளியே யாராவது கேட்டால் சாதித்துவிடலாம்.

ஐந்தாம் இருக்கை வந்தது. அது, 'சிரிப்பு' என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண். எந்தக் கடுவன் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே சமாளிப்பவள், வாடிக்கையாளர் மதிப்பெண்ணில் எப்போதும் முதல் ஆள். முப்பத்தொரு துண்டுகள் இருந்தன. முதலாவதில் மூன்று விநாடி ஒன்றுமில்லை, பிறகு மெல்லிய குறட்டை. தேனக்கா ஒலியைக் கூட்டிக் கேட்டாள். குறட்டைதான். முப்பத்தெட்டாம் விநாடியில் கைப்பேசி அதிர்கிற பொடிச் சத்தம். தொடைக்கு அடியில் வைத்திருப்பாள் போலிருக்கிறது. உடனே, "காத்திருந்தமைக்கு நன்றிங்க" என்று கலகலவென்ற குரல். அடுத்ததும் அப்படியே. முப்பத்தொன்றில் இருபத்தாறு தூக்கம். வீட்டில் அவளுக்குப் பத்து மாதக் குழந்தை. ராத்திரி தூங்கவிடறாளா என்று தேனக்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், நல்லாத் தூங்கறா அக்கா என்று ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறாள்.

அடுத்து இரண்டாம் இருக்கை. சேர்ந்து ஐந்து மாதம் ஆன பெண், இன்னும் எல்லாருக்கும் அவள் பெயர் 'புதுசு'தான். முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தாள்; இப்போது தேறிவிட்டாள் என்று போன வாரம்தான் தேனக்கா மூச்சு சாரிடம் பெருமையடித்திருந்தாள். பதிவுகள் எல்லாமே காலை பத்து ஐம்பதை ஒட்டியவை. முதலாவதை ஓடவிட்டாள்.

"நல்லா இருக்கேன் அக்கா." குரல் தழுதழுத்தது. சின்ன இடைவெளி. "நல்லா இருக்கேன் அக்கா." இது கொஞ்சம் கீச்சென்று போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம். "நல்லா இருக்கேன் அக்கா." இப்போது சரியாக வந்தது.

மற்றவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, தேனக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு துண்டுகளும் இதுதான். பதினோரு மணிக்கு இவள் வந்து முதுகில் கை வைப்பதற்குள் அந்தப் பெண் நாடகத்துக்குப் போல ஒத்திகை பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே இரண்டாம் இருக்கையில் அவள் தலை குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருப்பது தெரிந்தது. எழுந்து போய் ஏதாவது சொல்லலாம்தான். என்ன கேட்பது? அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு கேள்வியே தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதினேழாம் இருக்கை சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. பதினெட்டுத் துண்டுகள். அந்த நாற்காலிக்காரி வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. கூட்டம் அதிகமானால் யார் வேண்டுமானாலும் அதில் உட்காருவார்கள். ஒரு பெண் குரல், தொண்டைக்குள்ளேயே கரகரத்தது. கூடவே விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிற சத்தம், டொக், டொக், டொக் என்று ஒரே சீராக.

"எந்திரி. எந்திரிச்சுப் போயிடு. எந்திரியேன். எந்திரிக்க மாட்டேங்கறியே, எந்திரி."

யார் இது? எவளாக இருக்கும்? தேனக்கா மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள், ஆள் பிடிபடவில்லை. ஐயோ பாவம், இப்படி ஒருத்தி நம் டீமிலா என்று இருந்தது. பக்கத்திலிருந்த தாளில் 'பதினேழு — இவளிடம் நாளைக்கே பேச வேண்டும்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டாள். மூன்று தடவையும் பாதியில் நிறுத்தியிருந்தாள். நான்காவது தடவை கடைசிவரை ஓடவிட்டாள். தட்டுவது நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற சத்தம். பிறகு,

"காத்திருந்தமைக்கு நன்றிங்க. உங்க ஃபிரிட்ஜ் விவரம் பாத்துட்டேன்."

தேனாக ஒழுகியது குரல். அவள் குரல்.

பதினெட்டையும் கேட்டாள். பதினெட்டிலும் அதே தட்டல், அதே பேச்சு. ஒன்றுகூட நினைவில் இல்லை. குடித்தவனுக்காவது மறுநாள் யாராவது சொன்னால் லேசாக ஞாபகம் வரும். இவளுக்கு அதுவும் இல்லை. சொந்தக் குரலைக் கேட்டு யாரோ என்று பரிதாபப்பட்டிருக்கிறாள். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், நான் எப்பவாவது மேசையைத் தட்டறேனா என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மகள் கையை மட்டும் நீட்டி, விரல் முட்டியால் மேசையில் டொக், டொக், டொக் என்று தட்டிக் காட்டினாள். பிசகே இல்லை. அதே சீர். தேனக்காவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மிச்சம் இருந்ததில் ஒன்பதாம் இருக்கையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். அது வக்கீல். வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதத்தின் பதினான்கு பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒன்றரை நாள் எடுத்துக்கொண்ட மனிதர். ஐம்பது தாண்டியவர். எதற்கெடுத்தாலும் விதி எண் சொல்வார் என்று எல்லாரும் அவரைக் கண்டால் கொஞ்சம் நழுவுவார்கள், தேனக்காவும்தான். பதின்மூன்று துண்டுகள். அவர் ஹோல்டில் என்ன செய்வார், விதிகளை மனப்பாடம் செய்வாரோ என்று நினைத்துக்கொண்டே ஓடவிட்டாள்.

"பதிவுக்காகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபது. இருக்கை ஒன்பதிலிருந்து பேசுகிறேன். இருக்கை ஐந்தில் இருக்கும் பெண் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வீட்டில் கைக்குழந்தை. அவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கவும். கேட்பவர் யாராக இருந்தாலும் ஆவன செய்யவும். நன்றி."

தேனக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது. பதிவாகிறது என்பது இவருக்குத் தெரியும். அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்கோ எழுதியிருக்கிறது, அறையில் இவர் ஒருவர்தான் படித்திருக்கிறார். படித்துவிட்டு, மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்று நம்பி, மனுக் கொடுப்பது போல நாலு மாதமாகப் பேசியிருக்கிறார். புதுசு கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள், விசாரிக்கவும். மூன்றாம் வரிசையில் ஒருவருக்குக் காது வலி, ஹெட்செட் மாற்றவும். அத்தனையும் செவிடன் காதில் ஊதிய சங்கு. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டாவது துண்டு வந்தது.

"பதிவுக்காகச் சொல்கிறேன். எங்கள் டீம் லீடர் இன்று இருக்கை பதினேழில் அமர்ந்து அழைப்பு எடுத்தார். மேசையைத் தட்டிக்கொண்டு தனக்குத் தானே பேசுகிறார். இது மூன்றாவது வாரம். நேரில் விசாரித்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். நன்றாக இல்லை. யாராவது அவரைக் கவனிக்கவும். நல்ல மனுஷி."

அவர் விசாரித்தது அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர்க் குழாயருகே வந்து நின்று, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டார். லீவு கேட்க அடி போடுகிறார் என்று நினைத்து, நல்லா இருக்கேன் என்று கத்தரித்துவிட்டு நகர்ந்தாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து வெளியே நாற்பது பேர் இருக்க அழுதாள். யாரும் நிமிரவில்லை; நிமிர்ந்தால் அழைப்பு தவறிவிடும்.

வெள்ளிக்கிழமை மூச்சு சார் பட்டியலைத் திறந்தார். 'வேலை' அறுநூற்றுப் பன்னிரண்டு, 'வீண்' ஒன்றுமில்லை. அவர் முகம் சுருங்கியது. இப்படி அனுப்பினால் நம்பமாட்டார்கள் அக்கா, எதையாவது எடுத்துக் கேட்டுப் பார்ப்பார்கள், நமக்குத்தான் அசிங்கம் என்றார். நீங்களே எடுத்துக் கேளுங்கள் என்று அவள் பதினேழாம் இருக்கையை ஓடவிட்டாள். டொக், டொக், எந்திரி என்று பத்து விநாடி போவதற்குள் அவர் நெளிந்தார். யார் இது, உடனே அனுப்பிவிட வேண்டும், இப்படிப்பட்டவர்கள் வாடிக்கையாளரிடம் பேசவே கூடாது என்றார்.

"நான்தான் சார்" என்றாள் தேனக்கா.

நம்பவில்லை. கடைசித் தேன் வந்ததும் நம்பினார். நம்பிய பிறகு அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. "நீங்க தினமும் நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க?" என்றார்.

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். எங்கிட்ட அவங்களும் அப்படித்தான் சார் சொல்லியிருக்காங்க."

பிறகு வக்கீலின் பன்னிரண்டாவது துண்டை ஓடவிட்டாள். ஏன் அதை எடுத்தாள் என்றால், வேறு எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளைக்கு ஏறாது என்று தோன்றியது.

"பதிவுக்காகச் சொல்கிறேன். புதிய மேலாளர் மதியச் சாப்பாட்டை அவசரப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். நேற்று டப்பாவைத் திறந்துவிட்டு, சாப்பிடாமலே மூடிக்கொண்டு போனார். வயதில் சின்னவர். அவரையும் யாராவது விசாரிக்கவும்."

மூச்சு சாரின் காது சிவந்தது, பிறகு முகம் வெளுத்தது. "யார்கிட்ட பேசறார் இவர்?" என்று கேட்கும்போது குரல் உடைந்தது.

"நம்மகிட்டத்தான் சார். நாலு மாசமா."

அவர் திரைப்பக்கம் திரும்பினார். பெயர்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தார். இனிமேல் என் பெயரைத்தான் கேட்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

தேனக்கா வெளியே வந்து நேராக ஒன்பதாம் இருக்கைக்குப் போனாள். வக்கீல் அழைப்பை முடித்துவிட்டு, அடுத்தது விழுவதற்குள் ஹெட்செட்டைக் கழற்றினார். அப்படிக் கழற்றக் கூடாது, விதி. அவர் விதி மீறி அவள் பார்த்ததே இல்லை.

"எல்லாத்தையும் கேட்டேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"எங்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே."

"மூணு தடவை கேட்டேம்மா. மூணு தடவையும் நல்லா இருக்கேன்னீங்க. சரி, மேல சொல்லுவோம், அவங்க கேப்பாங்கன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "மேல யாருமே இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கழற்றி வைத்த ஹெட்செட்டுக்குள் அடுத்த வாடிக்கையாளர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். தேனக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாக்கு பழக்கத்தில் வேறு எதையோ சொல்லப்போனது. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"எனக்கு முடியலைங்க."

ஐந்தாம் இருக்கையும் இரண்டாம் இருக்கையும் திரும்பிப் பார்த்தன.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் வக்கீல்.

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார்.